ராஜ்தூத் 350-க்கு ஹைட்ராலிக் ஸ்டியரிங் டாம்பர்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

1983-இல் அறிமுகமான ராஜ்தூத் 350 இன்றும் பலரால் தேடி வாங்கப்படுவதற்குக் காரணம் அதன் 347 சிசி இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினே தவிர, அதன் முன்பக்கம் அன்று. 34 மில்லிமீட்டர் ஃபோர்க், டிரம் பிரேக், 18 அங்குல ஸ்போக் சக்கரங்கள், உதிரிக் குண்டுகளின் மேல் சுழலும் ஸ்டியரிங் ஆகிய அனைத்தும் இதன் மூலவண்டியான ஆர்.டி. 350-க்காக யமஹா 1970-களின் தொடக்கத்தில் வகுத்த கணக்கைச் சேர்ந்தவை. என்னிடம் இருப்பது 1986-ஆம் ஆண்டில் தயாரான, 27 குதிரைத்திறன் கொண்ட எல்.டி. (லோ டார்க், அதாவது குறைந்த முறுக்குவிசை) வகை. பெங்களூரு நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் பாலத்து இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் ஹேண்டில்பார் இரண்டு மூன்று முறை படபடவென்று உதறி அடங்கும். அதை அடக்கத்தான் நவீன ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை வாங்கினேன். ஆறு மாதம் ஓட்டிய பின் எழுதும் மதிப்பீடு இது.

முதலில் ஒரு தெளிவு. இந்த வண்டியில் டாம்பர் ஏற்கெனவே இருக்கிறது. ஹேண்டில்பாரின் நடுவே உள்ள கறுப்புக் குமிழைத் திருகினால் கீழே உள்ள உராய்வுத் தகடுகள் இறுகி, ஸ்டியரிங் கனக்கும். அதன் குறை என்னவென்றால், ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினாலும் அது வெடுக்கென்று உதறினாலும் ஒரே அளவு தடையைத்தான் அது தரும். உதறலை அடக்கும் அளவுக்கு இறுக்கினால், போக்குவரத்து நெரிசலில் நடைவேகத்தில் செல்லும்போது வண்டி நேராக நிற்க மறுக்கும். ஹைட்ராலிக் டாம்பரில் எண்ணெய் ஒரு சிறு துளை வழியே தள்ளப்படுவதால், தண்டு எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு தடை எழும். மெதுவான திருப்பங்களில் அது இருப்பதே தெரியாது. நான் வாங்கியது நெதர்லாந்தின் ஹைப்பர்ப்ரோ நிறுவனத்தின் ஆர்.எஸ்.சி. வகை, 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (தண்டு கோடிக்குக் கோடி நகரக்கூடிய தூரம்) கொண்டது. வேகம் கூடக்கூடத் தடையைச் சரிவிகிதத்தைவிட அதிகமாக உயர்த்துவது இந்த வகையின் தனிச்சிறப்பு.

அதற்கு முன் ஒரு தவறான பாதையில் பணத்தை இழந்தேன். உதிரிபாகக் கடையொன்றில் பெயரில்லாத மலிவு டாம்பர் ஒன்றை வாங்கி, அங்கே சொன்னபடியே ஒரு முனையை ஃபோர்க் காலிலும் மறுமுனையை ஃபிரேம் குழாயிலும் கிளாம்ப் போட்டுப் பொருத்திக்கொண்டேன். அதுவும் 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்தான். வீட்டுச் சந்தில் யூ-டர்ன் அடிக்கும்போது ஹேண்டில்பார் பாதியிலேயே கல்போல நின்றுவிட, வண்டியோடு சாய்ந்து சைலன்சரில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். தண்டும் வளைந்துபோயிற்று. காரணம் எளிய வடிவக்கணிதம். என் வண்டியில் ஸ்டியரிங் அச்சிலிருந்து ஃபோர்க் காலின் கிளாம்ப் வரை சுமார் 100 மில்லிமீட்டர் இருந்தது. ஹேண்டில்பார் இருபுறமும் 35 பாகை திரும்புகிறது. அப்படியானால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அந்தப் புள்ளி ஏறத்தாழ 115 மில்லிமீட்டர் நகர்கிறது. 75 மில்லிமீட்டர் தண்டு இதற்கு எப்படிப் போதும்? ஸ்டியரிங்கை நிறுத்த வேண்டியது ஃபிரேமில் உள்ள ஸ்டாப்பர். டாம்பர் ஒருபோதும் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

அடுத்ததாக, டாம்பர் இல்லாமலேயே வண்டியைச் சரிசெய்ய முடிவெடுத்தேன். இந்த மதிப்பீட்டில் மிகுந்த பயனுள்ள பகுதி இதுவே என்று நினைக்கிறேன். ஸ்டியரிங் சுழலும் குண்டுகளும் கிண்ணங்களும் சேர்ந்த கோன் செட்டைக் கழற்றியபோது கீழ்க்கிண்ணத்தில் குண்டுகள் பதிந்த தழும்புகள் விரலுக்கே தட்டுப்பட்டன. ஹேண்டில்பாரை நடுவில் வைத்தால் ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் விழுந்து உட்கார்ந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருந்த பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்து, பின்சக்கரம் பக்கவாட்டில் கைக்கு ஆடியது. கோன் செட்டை மாற்றி, லேத்தில் வெண்கலப் புஷ் கடைந்து போட்டு, இரு ரிம்களுக்கும் பெண்டு எடுத்து, நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்த முன் டயரையும் மாற்றினேன். உதறலில் முக்கால் பங்கு அத்துடன் போய்விட்டது. இந்த வேலைகளைச் செய்யாமல் நேரடியாக நல்ல டாம்பரைப் போட்டிருந்தால், உதறல் மறைந்திருக்கும். ஆனால் தேய்ந்த புஷ் தேய்ந்தபடியே இருந்திருக்கும். அது ஆபத்தானது என்பதற்குக் காரணம் உண்டு. ஹேண்டில்பார் நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 10 முறை உதறுவது ஒரு வகை. வண்டி முழுவதுமே நொடிக்கு 2 முதல் 4 முறை மெல்ல அலைவது வேறு வகை. டாம்பர் முதலாவதை அடக்கும். இரண்டாவதை அதிவேகத்தில் அது மோசமாக்கவும் கூடும். தளர்ந்த ஸ்விங் ஆர்ம் கிளப்பிவிடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

மீதமிருந்த கால் பங்கு உதறலுக்காகவே ஹைப்பர்ப்ரோவை வாங்கினேன். இந்த வண்டிக்கென்று தயாரித்த பொருத்துகருவி எனக்குக் கிடைக்கவில்லை என்பதால், டாம்பரை மட்டும் வாங்கி, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் டாம்பரை ஸ்டியரிங்கோடு இணைக்கும் நெம்புகோல் கையையும், ஃபிரேமோடு இணைக்கும் பிராக்கெட்டையும் செய்துகொண்டேன். இம்முறை ஃபோர்க் காலைத் தொடவில்லை. ஃபோர்க் கால்கள் இரண்டையும் பிடித்திருக்கும் கீழ் டி-ஸ்டெம்மில் 60 மில்லிமீட்டர் நீளக் கை ஒன்றைப் பொருத்தினால், கோடியிலிருந்து கோடிக்கு நகர்வு ஏறத்தாழ 69 மில்லிமீட்டர். இருபுறமும் மூன்று மில்லிமீட்டர் மிச்சம் கிடைக்கிறது. ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது தண்டு சரிபாதி வெளியே இருக்க வேண்டும், கைக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். இல்லையெனில் இடப்புறம் ஒரு தடையும் வலப்புறம் வேறு தடையும் வரும். இதற்கொரு விலையும் உண்டு: கை 100-இலிருந்து 60 மில்லிமீட்டராகக் குறுகும்போது நெம்புகோலின் நீளமும் குறைகிறது, தண்டு நகரும் வேகமும் குறைகிறது. ஆகவே டாம்பரின் திருகில் அதே கிளிக்கில் (தடையைக் கூட்டிக் குறைக்கும் படிநிலையில்) கிடைக்கும் தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். அதிகக் கிளிக்குகள் வைத்து அதை ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. பிராக்கெட்டை ஃபிரேமில் வெல்டிங் செய்யச் சொன்னார் பட்டறைக்காரர், மறுத்துவிட்டேன். நாற்பது ஆண்டு பழைய குழாயைச் சூடாக்குவதைவிட, நாளைக்குக் கழற்றினால் தடம் தெரியாத கிளாம்ப்பே மேல்.

பலன் எப்படி? அதே நெடுஞ்சாலையில், அதே பாலங்களில், இப்போது ஹேண்டில்பார் ஒருமுறை அசைந்து நின்றுவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு பயிற்சி நாளன்று ஓட்டியபோது, திருப்பத்திலிருந்து வெளியேறி த்ராட்டிலைத் திறக்கையில் முன்சக்கரம் லேசாகும் கணத்தில்தான் இதன் அருமை விளங்கியது. சுழற்சிவேகம் ஏறும்போது இந்த இன்ஜின் திடீரென விழித்தெழும் சுபாவம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நகரத்துக்குள் தளர்வான பக்கத்திலிருந்து நான்காவது கிளிக்கும், நெடுஞ்சாலையில் ஒன்பதாவதும் எனக்கு ஒத்துவருகின்றன. அதற்கு மேல் சென்றால் குறைவேகத்தில் வண்டி அலையத் தொடங்குகிறது. மே மாத மதிய வெயிலில் எண்ணெய் இளகி இன்னும் ஒரு கிளிக் கேட்கிறது.

குறைகளும் உண்டு. டி-ஸ்டெம்முக்குக் கீழே இருப்பதால் மழைக்காலத்தில் முன் டயர் வாரியடிக்கும் சேறு முழுவதும் தண்டின் மேல் படிகிறது. துடைக்காமல் விட்டால் சீல் போய்விடும். கிளிக் மாற்ற வண்டியை நிறுத்திக் குனிய வேண்டும். விலையோ, நான் மாற்றிய கோன் செட், புஷ், டயர் அனைத்தின் கூட்டுச் செலவைவிடப் பல மடங்கு அதிகம். நகருக்குள்ளும் 80 கிலோமீட்டருக்குக் கீழும் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. கோன் செட்டும் புஷ்ஷும் போதும். நெடுந்தூரமோ தடத்திலோ ஓட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம், ஸ்டியரிங் கோணத்தை அளந்த பிறகு.

பழைய உராய்வுக் குமிழை நான் கழற்றவில்லை. தகடுகள் சற்றும் தொடாதபடி முழுவதும் தளர்த்தி, நட்டு உதிராமல் ஒரு கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன்.