பகல் தெரபி அருமை, ராத்திரி வார்டு ரொம்ப மோசம்: அப்பா தங்கியிருந்த ரீஹேப் ஹோம் பத்தி என் ரிவ்யூ

முழுசா படிக்க நேரம் இல்லாதவங்களுக்காக தீர்ப்ப முதல்லயே சொல்லிடறேன். பகல்ல நடக்கிற தெரபிக்கு 5க்கு 5 தாராளமா கொடுப்பேன். ராத்திரி வார்டுக்கு 5க்கு 2 கொடுக்கக்கூட மனசு வரல. ஒரே கட்டடம், ஒரே நிர்வாகம், ஆனா சாயங்காலம் ஷிப்ட் மாறினதும் வேற இடத்துக்கு வந்துட்டமோன்னு தோணும். ஹோம் பேர போடல, ஏன்னா இது ஒரு இடத்துப் பிரச்சனை மட்டும் இல்லன்னு மத்த பேஷண்ட் வீட்டுக்காரங்ககிட்ட பேசினப்போ புரிஞ்சுது, நீங்க எந்த ஹோம் பாக்கப் போனாலும் இத வச்சு உரசிப் பாத்துக்கலாம்.

அப்பாவுக்கு வந்தது மூளையோட வலது பக்கத்துல ஸ்ட்ரோக். அதனால இடது கை இடது கால் விழுந்துடுச்சு, முழுங்கறதுல சிரமம், அதுக்கு மேல இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியல. கண்ணுல கோளாறு கிடையாது, கண்ணு பாக்குது, ஆனா மூளை அந்தப் பக்கத்த கணக்குலயே எடுத்துக்காது. வலது மூளைல ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு இது அடிக்கடி வரும், ஆனா ஆஸ்பத்திரில இத யாரும் எங்களுக்கு விளக்கமா சொல்லல. முதல் 3 மாசத்துலதான் மீட்சி வேகமா இருக்கும், அந்த நேரத்த விட்டுடாதீங்கன்னு மட்டும் டாக்டர் அழுத்திச் சொன்னாரு, வீட்டுல வச்சுப் பாத்துக்க முடியாதுங்கறதும் தெரிஞ்சுது, அதனால தங்கி சிகிச்சை எடுக்கிற இடமா பாத்து சேத்தோம்.

தெரபி டீம் பத்தி எவ்வளவு சொன்னாலும் தகும். சேந்த அன்னைக்கே பார்த்தெல் இண்டெக்ஸ் போட்டாங்க. 1965ல இருந்து உலகம் பூரா பயன்படுத்தற ஸ்கோர் அது, சாப்பிடறது, குளிக்கிறது, பாத்ரூம் போறது, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாறறது, மாடிப்படி ஏறறதுன்னு 10 விஷயத்த பேஷண்ட் தானா எவ்வளவு செய்யறாருன்னு பாத்து போடறது, மொத்தம் 100 மார்க். இத வாரா வாரம் போட்டு எங்ககிட்ட காட்டினாங்க. "நல்லா இம்ப்ரூவ் ஆகுறாரு"ன்னு வாயால சொல்றத விட போன வாரம் ரெண்டு பேர் புடிச்சு மாத்தினோம் இந்த வாரம் ஒருத்தர் போதும்னு சொல்றப்போதான் நமக்கு நிலைமை புரியுது. அந்த ஸ்கோர்ல பேச்சு, மனநிலை, கவனம் எதுவும் வராதுன்னும் அவங்களே சொல்லி அத தனியா எழுதி வச்சாங்க. இந்த நேர்மைதான் எனக்கு ரொம்ப புடிச்சது.

இன்னொண்ணு, அப்பாகிட்டயே கேட்டாங்க, "ஐயா, உங்களுக்கு முதல்ல என்ன செய்ய முடியணும்?"னு. நாங்க எல்லாம் நடக்கணும் நடக்கணும்னு நெனச்சுட்டு இருந்தோம், அவரு சொன்னது "யார் தயவும் இல்லாம பாத்ரூம் போகணும்". அப்புறம் பயிற்சி முழுக்க அத வச்சுதான் ஓடுச்சு, கட்டில் ஓரத்துல நிமிந்து உக்காரறது, எழுந்து திரும்பறது, ஒரு கையால வேட்டிய அவுக்கறது கட்டறதுன்னு. தூக்கறப்போ இடுப்புல பெல்ட் போட்டு அதப் புடிச்சுதான் தூக்குவாங்க, ஒரு தடவை கூட கையப் புடிச்சு இழுத்து நான் பாத்ததில்ல.

ஒரு நாள் அங்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகள திரும்ப செய்யப் பழக்கறவங்க, அந்தப் பொண்ணு செஞ்சத கண்டிப்பா சொல்லணும். அப்பா தினமும் தட்டுல பாதிய அப்படியே வச்சுடுவாரு, வார்டு சார்ட்ல "பசி இல்லை, பாதி சாப்பிட்டார்"னு எழுதிட்டுப் போயிடுவாங்க, நாங்களும் கவலைப்பட்டு பசிக்கு மருந்து கேக்கலாமான்னு பேசிட்டு இருந்தோம். அந்தப் பொண்ணு தட்ட ஒரு நிமிஷம் பாத்துச்சு. மீதி இருந்ததெல்லாம் சரியா இடது பாதி. ஒண்ணுமே பேசாம தட்ட அரை வட்டம் திருப்பி வச்சுச்சு, அப்பா "அட, இன்னும் இருக்கா"ன்னு சொல்லிட்டு மீதிய முழுசா சாப்பிட்டுட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவருக்குப் பசி இருந்துட்டேதான் இருந்திருக்கு!

சரி, இப்போ ராத்திரிக்கு வரேன்.

அப்பா கட்டில்ல ஆள் கூப்பிடற பெல் எந்தப் பக்கம் கட்டியிருந்தாங்க தெரியுமா? இடது பக்கம். அந்தக் கை அசையாது, அந்தப் பக்கம் இருக்கிறதே அவருக்குத் தெரியாது, அங்க கொண்டு போய் கம்பில சுத்தி வச்சிருந்தாங்க. ராத்திரி எப்படி இருந்தாருன்னு காலைல கேட்டா "ஒரு தொந்தரவும் இல்ல சார், பெல்லே அடிக்கல, நல்லா தூங்கினாரு"ன்னு பதில் வரும். அவரு எப்படி அடிப்பாரு? பல ராத்திரி ஈரத்துலயே படுத்திருந்திருக்காரு, அத அவரு எங்ககிட்ட சொல்லக்கூட கூச்சப்பட்டுட்டு இருந்தாரு. தெரபி நேரத்துல வேணும்னே இடது பக்கம் நின்னு பேசுவாங்க, அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கற பழக்கம் வரணும்னு, அது பயிற்சி. ஆனா பெல், தண்ணி, கண்ணாடி மாதிரி அவசரத்துக்கு வேண்டியது எல்லாம் வலது பக்கம்தான் இருக்கணும். பகல் டீம்ல எல்லாருக்கும் தெரிஞ்ச இந்த விஷயம் ராத்திரி டூட்டில ஒருத்தருக்கும் தெரியல, ஏன்னா யாரும் அவங்களுக்குச் சொல்லவே இல்ல.

அடுத்தது தோள். ஸ்ட்ரோக்ல விழுந்த கைல சதை தளந்து போறதால தோள் மூட்டு லேசா எறங்கி நிக்கும், அந்தக் கையப் புடிச்சு இழுத்தா வலி ஆரம்பிச்சுடும், வந்தா சீக்கிரம் போகாது, வலி வந்த கைல பயிற்சியும் செய்ய முடியாது. பிசியோ இதுக்காகவே கைக்கு அடில தலைகாணி வச்சு, உக்காரறப்போ சப்போர்ட் கொடுத்து அவ்வளவு பாத்துப் பாத்து செய்வாரு. ராத்திரி அட்டெண்டர் தம்பி வந்து டயப்பர் மாத்தறதுக்கு அதே கையப் புடிச்சு மேல இழுத்தத என் கண்ணால பாத்தேன். அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல, ஏஜென்சி அனுப்பின பையன், அடுத்த வாரம் அவன் இருந்த இடத்துல வேற ஒருத்தர் வந்தாரு, அவருக்கும் எதுவும் தெரியாது. காலைல ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டு சேத்தத மீதி நேரம் கலைச்சுடுது, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

புரட்டிப் போடற சார்ட் விஷயம் இன்னும் மோசம். தானா அசைய முடியாதவங்கள பொதுவா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், இல்லன்னா எலும்பு துருத்தற இடத்துல, முக்கியமா இடுப்புக்குப் பின்னாடி, குதிகால்ல, ரத்த ஓட்டம் நின்னு படுக்கைப்புண் வந்துடும். ஒரு ராத்திரி நான் கூட இருந்தேன். மணி பதினொண்ணு கூட ஆகல, கட்டில் காலடில தொங்கற சார்ட்ட எடுத்துப் பாத்தா 12 மணி, 2 மணி, 4 மணி கட்டத்துல எல்லாம் ஏற்கனவே கையெழுத்து விழுந்திருக்கு. அப்புறம் வந்தாங்களான்னா, விடியற வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் வந்தாங்க. அந்த வாரமே இடது குதிகால்ல ஒரு செவப்பு. விரலால அழுத்தி எடுத்தா வெளுத்துத் திரும்ப செவக்கணும், அது வெளுக்கவே இல்ல, அப்படின்னா அது புண்ணோட முதல் கட்டம். நம்ம மாதிரி கருத்த தோல்ல செவப்பு சரியா தெரியாது, அந்த இடம் சுத்தி இருக்கிறத விட இன்னும் கருத்தோ சூடாவோ கெட்டியாவோ இருக்கான்னு தொட்டுப் பாக்கணும், இத பகல் சிஸ்டர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கெண்டைக்காலுக்கு அடில தலைகாணி வச்சு குதிகால் படுக்கைல படாம அந்தரத்துல நிக்கிற மாதிரி வச்சாங்க, நல்லவேளை தோல் உடையாம சரியாச்சு. "ஏர் பெட் போட்டிருக்கோமே சார்"னு ராத்திரி டூட்டில சொன்னாங்க. ஏர் பெட் இருந்தாலும் புரட்டணும், அது உதவிக்குத்தான்.

மாத்திரை கொடுத்த விதத்த பாத்துதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்துச்சு. முழுங்கற டெஸ்ட் பண்ணின ஸ்பீச் தெரபிஸ்ட், அப்பாவுக்கு தண்ணியக்கூட பவுடர் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கணும், நல்லா நிமிந்து உக்காரணும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாதுன்னு எழுதியே கொடுத்திருந்தாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல சிலருக்கு இருமல் கூட வராம சத்தமில்லாம உணவு மூச்சுக்குழாய்க்குப் போயிடும், அது நிமோனியால கொண்டு போய் விடலாம். ராத்திரி மாத்திரைய சாஞ்சு படுத்த நிலைலயே வாயில போட்டு சாதாத் தண்ணிய ஊத்தினாங்க. நான் தடுத்துக் கேட்டா "ஃபைல் பிசியோ ரூம்ல இருக்கு சார்"னு பதில். ஒரு மனுஷன் எப்படி தண்ணி குடிக்கணும்ங்கற தகவல் அவருக்கு தண்ணி கொடுக்கறவங்களுக்கு எட்டாத ரூம்ல பூட்டி இருக்கு.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். ராத்திரில அந்த மாடி முழுசுக்கும் ஒரு சிஸ்டர், ரெண்டு அட்டெண்டர்தான். நெனச்சாலும் எல்லாரையும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட முடியாது. அதுலயும் வயசான ஒரு அட்டெண்டர் அண்ணன் இருந்தாரு, தொடறதுக்கு முன்னாடி "அப்பா, இப்போ திருப்பப் போறேன், பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் தொடுவாரு, திரையை இழுத்து மூடிட்டுத்தான் துணி மாத்துவாரு. அவரு டூட்டில இருந்த ராத்திரி எல்லாம் அப்பா நிம்மதியா தூங்கினாரு. அந்த மாதிரி ஆள் இருக்கிறப்போ அவர வச்சு மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நிர்வாகத்துக்குத் தோணல, அவரும் மத்தவங்களோட ஓடிட்டுத்தான் இருந்தாரு.

நர்ஸ்களுக்குப் பொறுப்பா இருக்கிற மேட்ரன்கிட்ட எல்லாத்தையும் சொன்னோம். கேட்டாங்க, மழுப்பல, அன்னைக்கே பெல்ல வலது பக்கம் மாத்தினாங்க. தெரபிஸ்டே பெரிய எழுத்துல "இடது கையை இழுக்காதீர்கள், தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுங்கள், பெல் வலது பக்கம்"னு எழுதி கட்டிலுக்கு மேல ஒட்டினாங்க. கொஞ்ச நாள் நல்லா போச்சு. ஞாயித்துக்கிழமை வேற ஆளுங்க வந்தாங்க, பெட்ஷீட் மாத்தறப்போ பெல் திரும்ப இடது பக்கம் போயிடுச்சு. ஞாயிறு தெரபியும் கிடையாது, அதனால அத கவனிக்கிற ஆளும் இல்ல. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஷிப்ட் மாறறப்போ ரெண்டு பேரும் கட்டில் பக்கத்துல நின்னு பேசி ஒப்படைங்கன்னு. அது இன்னைக்கு வரைக்கும் நர்ஸ் டேபிள்லயேதான் நடக்குது.

மத்ததெல்லாம் சுருக்கமா. சுத்தம் நல்லா இருக்கு, வார்டுல நாத்தம் இல்ல. டாக்டர் ரவுண்ட்ஸ் ஒழுங்கா வராரு, நிறுத்தி நிதானமா பேசறாரு. பில்லுல ஒளிவுமறைவு இல்ல. யூரின் டியூப சீக்கிரமே எடுத்தது ரொம்பப் பெரிய விஷயம், டியூப் உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் இன்ஃபெக்ஷன் ஆபத்து ஏறும், ஆனா டியூப் இருந்தா ஸ்டாஃபுக்கு வேலை கம்மிங்கறதால பல இடத்துல விட்டுடுவாங்க. இங்க பகல் சிஸ்டர் டாக்டர்கிட்ட அவங்களே கேட்டு எடுக்க வச்சு, குறிச்ச நேரத்துக்கு பாத்ரூம் கூட்டிட்டுப் போய் பழக்கினாங்க. அவங்களுக்கு எங்க குடும்பமே கடமைப்பட்டிருக்கு.

நீங்க ஹோம் பாக்கப் போறீங்கன்னா, சுத்திக் காட்டறவங்க நேரா ஜிம் ஹாலுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. பாருங்க, ஆனா அதோட திரும்பிடாதீங்க. அசைய முடியாம படுத்திருக்கிறவங்க உதடு காஞ்சிருக்கா, நகம் வெட்டியிருக்கா, தண்ணி அவங்க கைக்கு எட்டற தூரத்துல இருக்கா, பெல் அசையற கைப் பக்கம் இருக்கான்னு பாருங்க. பெல் அடிச்சா எவ்வளவு நேரத்துல ஆள் வருதுன்னு வராண்டால உக்காந்து கவனிங்க. ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டாஃப்னு நேரடியா கேளுங்க. "தெரபிஸ்ட் சொன்னது ராத்திரி அட்டெண்டருக்கு எப்படி போய்ச் சேருது?"ன்னு கேளுங்க, "எல்லாம் ஃபைல்ல இருக்கு"ன்னு சொன்னாங்கன்னா அந்த ஃபைல் ராத்திரி எங்க இருக்கும்னு அடுத்த கேள்வி கேளுங்க. கடைசியா இங்க யாரு விழுந்தாங்க, அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்கன்னும் கேளுங்க. இங்க யாரும் விழுந்ததே இல்லன்னு சொல்ற இடத்த நான் நம்ப மாட்டேன். முடிஞ்சா சனி, ஞாயிறு சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துல சொல்லாம போங்க, படுக்க வச்சு ஊட்டறாங்களா உக்கார வச்சு ஊட்டறாங்களான்னு ஒரு தடவை பாத்தாலே பாதி தெரிஞ்சுடும்.

அப்பா இப்போ வீட்டுல இருக்காரு, குச்சி ஊனி அவரே பாத்ரூம் போறாரு, அது முழுக்க அந்த தெரபி டீம் போட்ட உழைப்பு. அதே இடத்துக்குத்தான் பகல்ல கூட்டிட்டுப் போய் பயிற்சிய தொடர்றோம், அத நிறுத்தற எண்ணமே இல்ல. பகல் தெரபிக்கு மட்டும்னா இந்த மாதிரி இடத்துக்கு யோசிக்காம போங்க. தங்க வைக்கிறதா இருந்தா, தானா பெல் அடிச்சு வாய் விட்டுக் கேக்க முடிஞ்சவங்கன்னா சமாளிச்சுக்கலாம். பேச முடியாதவங்க, அசைய முடியாதவங்க, எங்க அப்பா மாதிரி ஒரு பக்கமே தெரியாதவங்கன்னா ராத்திரிக்கு வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருக்க அனுமதி வாங்கிட்டு மட்டும் சேருங்க, அதுக்கு அவங்க மறுக்கல, கேட்டா கொடுக்கிறாங்க.