நெடும்பயண பைக்கில் கூடுதல் பெட்ரோல்: பெரிய டேங்க்கா, துணை டேங்க்கா, கேனா, பையா?

நெடும்பயண மோட்டார் சைக்கிளில் கூடுதல் பெட்ரோல் கொண்டுசெல்ல நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இருக்கும் டேங்க்கைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் பொருத்தலாம். பின்பகுதியில் துணை டேங்க் ஒன்றை நிலையாக இணைக்கலாம். கேன்களைக் கட்டிச் செல்லலாம். அல்லது சுருட்டி வைக்கக்கூடிய எரிபொருள் பைகளைப் பயன்படுத்தலாம். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் லிட்டர் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் கூடுதல் தூரம் தினமும் தேவைப்படுகிறதா, பயணம் முழுவதிலும் ஒரேயொரு நாள் மட்டும் தேவைப்படுகிறதா என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டால் தெரிவு பாதி முடிந்துவிடும் என்பது என் கருத்து.

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். கோல்ட்ஃபுட்டை விட்டால் டெட்ஹார்ஸ் வரை சுமார் 385 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது. 20 லிட்டர் டேங்க் உள்ள வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் 400 கிலோமீட்டர் ஓடும். தாளில் இது போதும். ஆனால் சுமையும் எதிர்க்காற்றும் சேறும் சேர்ந்து மைலேஜை 17 ஆக இறக்கிவிட்டால் 340 கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். கூடுதலாக 5 லிட்டர் கையில் இருந்தால் 425 கிலோமீட்டர் கிடைக்கும். 40 கிலோமீட்டர் மிச்சமும் இருக்கும். இப்படிப்பட்ட ஒரு சாலைக்காக டேங்க்கையே மாற்றுவது தேவையற்ற வேலை. வேகத்தைக் குறைப்பதும் இங்கே ஒரு வழிதான்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுவதால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கினால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது.

அன்றாடம் தொலைதூரம் ஓட்டுபவருக்குப் பெரிய டேங்க்தான் மிகச் சீரான தீர்வு. எடை வண்டியின் நடுப்பகுதியிலேயே அமர்கிறது, கூடுதல் ஹோஸோ வால்வோ தேவையில்லை, நிரப்புவதற்கும் ஒரே மூடிதான். தயாரிப்பாளர்களே இந்த வழியைக் கையாண்டிருக்கிறார்கள்: பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். வண்டியில் 20 லிட்டர் டேங்க், அதன் அட்வெஞ்சர் வடிவத்தில் 30 லிட்டர். தனியாக விற்கப்படும் பெரிய டேங்க்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. துருப் பிடிப்பதில்லை, விழுந்தால் எளிதில் நசுங்குவதுமில்லை. வெளிர்நிற டேங்க் என்றால் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். ஆனால் பெட்ரோல் ஆவி அந்தப் பிளாஸ்டிக் வழியாக மிக மெதுவாகக் கசிவதால், அதன்மேல் ஒட்டிய ஸ்டிக்கர்கள் சில மாதங்களில் கொப்புளம் போல் எழும்பிவிடும். முழங்கால்களுக்கு இடையே அகலம் கூடுவதால் நின்றபடி ஓட்டுபவருக்குச் சிரமம் உண்டு. இருபுறமும் தாழத் தொங்கும் வடிவங்களில், பெட்ரோல் டேப் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கத்தில் தேங்கும் கடைசிச் சில லிட்டர்களை எடுக்க வண்டியைச் சாய்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லா வண்டிகளுக்கும் பெரிய டேங்க் கிடைப்பதில்லை என்பதே இதன் பெரிய குறை.

அப்படிக் கிடைக்காதபோது வருவது துணை டேங்க். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், ஓட்டும் சேடில்சோர் போன்ற சவால்களில் இதன் மதிப்பு தெளிவாகத் தெரியும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று கொண்டு, 20 லிட்டரில் 18-ஐ மட்டும் பயன்படுத்தினால் வழியில் நான்கு முறை பங்க்கில் நிற்க வேண்டும்; மேலும் 20 லிட்டர் சேர்த்தால் இரண்டு முறை போதும். இத்தகைய பயணங்களுக்குச் சான்றளிக்கும் அயர்ன் பட் அசோசியேஷன், வண்டியின் மொத்தக் கொள்ளளவு 11.5 அமெரிக்க கேலனுக்கு, அதாவது சுமார் 43.5 லிட்டருக்கு, மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்த வரம்பை அறியாமல் பெரிய துணை டேங்க் வாங்கிவிட வேண்டாம்.

துணை டேங்க்கில் உண்மையான சிக்கல் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்பதில் இருக்கிறது. புவியீர்ப்பால் ஓடும் அமைப்பில், பின்னிருக்கையின் மேலுள்ள துணை டேங்க்கிலிருந்து ஒரு ஹோஸ் முதன்மை டேங்க்குக்குள் செல்கிறது. முதன்மை டேங்க்கின் மூடியில் காற்று வழி இருக்கக்கூடாது. துணை டேங்க்கில் மட்டுமே இருக்க வேண்டும். அப்போதுதான் எஞ்சின் பெட்ரோலை இழுக்க இழுக்க, குறைகிற இடத்தை நிரப்பத் துணை டேங்க்கிலிருந்து பெட்ரோல் வரும். இதே அமைப்பில், இடையிலுள்ள வால்வை மூடாமல் முதன்மை மூடியைத் திறந்தால், உயரத்தில் இருக்கும் பெட்ரோல் முழுவதும் சூடான எஞ்சின்மேல் வழியத் தொடங்கும். ஆகவே கைக்கெட்டும் இடத்தில் மூடுவால்வு இல்லாத துணை டேங்க்கை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி கவிழ்ந்தால் காற்று வழியை அடைக்கும் வால்வும் அதே அளவுக்கு அவசியம்.

மின்பம்ப் வைத்து மாற்றும் முறையில் துணை டேங்க் எந்த உயரத்திலும் இருக்கலாம். ஆனால் பம்ப்பை நிறுத்த மறந்தால் முதன்மை டேங்க் நிரம்பி வழியும். பெட்ரோலை அழுத்தத்தோடு எஞ்சினுக்குத் தெளிக்கும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் அழுத்தம் மிகுந்த ஹோஸில் எந்த இணைப்பும் கூடாது, துணை டேங்க்கின் பெட்ரோல் முதன்மை டேங்க்குக்குள் மட்டுமே சேர வேண்டும். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

எடையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம் என்பதால், 20 லிட்டர் என்பது டேங்க்கின் எடை நீங்கலாகவே 15 கிலோ. சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 1.5 மீட்டர் உள்ள வண்டியில், அந்த 15 கிலோவைப் பின்அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால், பின்சக்கரத்தில் 18 கிலோ கூடி, முன்சக்கரத்தில் 3 கிலோ குறைகிறது. முன்பக்கம் லேசாகிவிட்ட வண்டி வேகத்திலும் பக்கக்காற்றிலும் ஹேண்டிலில் நடுக்கம் காட்டக்கூடும். பின்னிருக்கையின் மேல், ஓட்டுநரின் முதுகை ஒட்டி வைப்பதே சரியான இடம். பின்னால் ஆள் ஏற்ற முடியாது என்ற இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எங்கே வைத்தாலும் முதலில் தீர வேண்டியது துணை டேங்க்கின் பெட்ரோல்தான்.

கேன்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வண்டியில் எந்த மாற்றமும் தேவையில்லை, அடுத்த வண்டிக்கும் உதவும், நின்றுபோன சக பயணிக்கும் கொடுக்கலாம். சைலன்சர் உள்ள பக்கத்தைத் தவிர்த்து, கேரியரில் இறுகக் கட்ட வேண்டும். பக்கப்பெட்டியின் வெளிப்புறத்தில் தொங்கவிட்டால் வண்டி விழும்போது முதலில் அடிபடுவது கேன்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மூடிய பெட்டிக்குள் அது அடியில் தேங்கும், ஆகவே கேனைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தால் நிலைமின் பொறியின் ஆபத்து குறையும். வெப்பம் 20 டிகிரி உயர்ந்தால் பெட்ரோலின் கனஅளவு சுமார் 2 சதவீதம் பெருகும். விளிம்புவரை நிரப்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எரிபொருள் பை, தேவை முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம் என்ற ஒரே காரணத்தால் கேனை வெல்கிறது. பெட்ரோலுக்கென்றே தயாரித்த பையாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் பையில் ஊற்றினால் பொருள் இளகித் தையல் விட்டுவிடும். கட்டும் பட்டை பையில் உராயாதபடி அடியில் தடித்த துணி ஒன்றை விரிப்பது நல்லது. காலியான பையிலும் ஆவி நிறைந்திருக்கும். அதைத் திறந்துவைத்து முழுவதும் உலர்த்திய பிறகே மற்றச் சாமான்களோடு வைக்க வேண்டும். கப்பலிலோ விமானத்திலோ வண்டியை ஏற்றும்போது கேனும் பையும் காலியாக இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். பயணத் திட்டத்தில் அதற்கும் இடம் விட வேண்டும்.

ஆக, ஒரு பயணத்தில் ஓரிரு முறை மட்டும் பங்க் இல்லாத தூரத்தைக் கடப்பவருக்கு 5 லிட்டர் எரிபொருள் பையே போதும். கரடுமுரடான பாதையில் மாதக்கணக்கில் செல்பவர், தம் வண்டிக்குக் கிடைக்கும் என்றால், பெரிய டேங்க்கையே பொருத்திக்கொள்ளட்டும். நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டுவதையே நோக்கமாகக் கொண்டவருக்கு மட்டும் துணை டேங்க் தன் விலைக்கும் வேலைக்கும் ஈடாகும். பொருத்தியதும் முதலில் பாதியளவு மட்டும் நிரப்பி, அருகிலேயே சில மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு ஹோஸ் இணைப்பையும் கையால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பின்பே அவர் நீண்ட பயணத்துக்குக் கிளம்ப வேண்டும்.