தண்டையார்பேட்டை வீட்டை விற்கப் போன மூன்று வாரம்

1984-ல் அப்பா கட்டிய வீடு. அம்மாவும் டொராண்டோவுக்கு வந்துவிட்ட பிறகு பூட்டியே கிடந்தது. விற்றுவிடலாம் என்று ஜனவரியில் சென்னைக்குப் போனேன். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு இந்தப் பக்கம் வீடு கேட்டு வருபவர்கள் நிறைய. ஆள் சீக்கிரமே கிடைத்தது. சிரமம் அப்புறம்தான்.

கனடாவில் வாங்குபவர் பெரும்பாலும் ஓர் ஆய்வாளரை அனுப்புவார். குறைகளை வைத்து, சரிசெய்து கொடு அல்லது விலையில் கழி என்பார். இங்கே வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து அளந்துவிட்டுப் போவதே வழக்கம். ஆனால் இந்தத் தம்பதி தாங்களே ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். அவர் சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். சமையலறையில் சத்தம் மாறியது. "இங்க காங்கிரீட் விட்டுடுச்சு சார்" என்றார். மொட்டைமாடியில் பதித்த தட்டோடுகளின் இடுக்கில் மழைநீர் இறங்கியிருக்கிறது. கடல் பக்கத்து உப்புக் காற்று வேறு. துருப்பிடித்த கம்பி உப்பி, கீழே இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடும்.

ஆறு லட்சம் குறைக்கச் சொன்னார்கள். புரோக்கர் என்னைத் தனியே அழைத்து, "பூசி பெயின்ட் அடிச்சிடலாம் சார், வேற பார்ட்டி கூட்டிட்டு வரேன்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அதன் கீழே நின்றுதான் ஒருவர் தினமும் சமைக்கப் போகிறார்.

இரண்டு மேஸ்திரிகளைக் கேட்டேன். முதல் ஆள் வாய்வார்த்தையாக ஒரு மொத்தத் தொகை சொன்னார். இரண்டாமவர் கம்பியை வெளியே எடுத்துத் துரு தேய்ப்பது, துருத்தடுப்புப் பூச்சு, பாலிமர் கலவை, தட்டோடு மாற்றுவது என்று சதுர அடிக்கணக்கில் எழுதிக் கொடுத்தார்: 3,40,000 ரூபாய். அந்தத் தாளை மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு ஒழுங்காக நடந்தது. குளியலறைக் குழாயையும் சேர்த்து 3,80,000 ரூபாய் குறைக்க ஒத்துக்கொண்டோம்.

வேலையை நானே செய்து கொடுக்க ஒப்பவில்லை. பத்து நாளில் விமானம். கலவை காயாமல் தண்ணீர் விடுகிறார்களா என்று யார் நின்று பார்ப்பது? தெருப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த சன்ஷேடை மட்டும் உடனே இடித்துக் கட்டினேன். அதற்குக் கீழேதான் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள்.

பத்திரத்தில் குறைக்காத பழைய விலையைப் போட்டு, வித்தியாசத்தை வாங்குபவர் கையில் கொடுத்துவிடலாம் என்றும் புரோக்கர் சொன்னார். கூடாது. என் மூலதன ஆதாய வரி பத்திர விலையில்தான் கணக்காகும். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அவர்களுக்கும் செலவு ஏறும். குறைத்த விலை அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போகவில்லை என்று பார்த்துக்கொண்டு, கண்ட குறைகளையும் கழித்த தொகையையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். இன்னொன்று: விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், வாங்குபவர் விலையில் பிடித்துக் கட்டும் வரிக்கு, உள்நாட்டில் இருப்பவருக்கான 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

போன வாரம் வீட்டை வாங்கிய பெண் ஒரு போட்டோ அனுப்பினார். "அண்ணா, கூரையைக் கொத்திட்டாங்க, பாருங்க." சமையலறைக் கம்பியில் பாதிக் கனம்தான் மிச்சம் இருந்தது.