இருட்டுக்குள் மம்மியா, வெட்டவெளியில் சைலானா?

சம்பா நட்டு, களையெடுத்து, மேலுரமும் போட்டு முடித்த பிறகு பொங்கல் வரை கிடைக்கும் இடைவெளிதான் எங்கள் வீட்டில் ஊர் சுற்றும் காலம். அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான் வரும். மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். மன்னார்குடியிலிருந்து திருச்சிக்குக் காரில் போய் நேரடி விமானம் ஏறினோம். சென்டோசா தீவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஒரு நாளை ஒதுக்கியிருந்தோம்.

அங்கே பெரிய ரோலர் கோஸ்டர்கள் இரண்டு. ஒன்று கட்டடத்துக்குள் இருட்டில் ஓடும் ‘ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி’. மற்றொன்று வெட்டவெளியில் ஓடும் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’. இதில் சிவப்புத் தண்டவாளம் ஹியூமன், நீலம் சைலான் என்று இரண்டு ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும். “மாப்ளே, மம்மி உள்ளேயே சுத்துறது, வேகமும் கம்மி. சைலான்ல ஏறுங்க” என்று மச்சான் முதல்நாளே சொல்லிவிட்டார். அதனால் மம்மி மேல் பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்தான் போனேன். திரும்பும்போது மனதில் நின்றது மம்மிதான்.

அளவுகளில் போட்டியே கிடையாது. கலாக்டிகாவின் உயரம் 42 மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 140 அடி. 96 அடி என்று நாம் அண்ணாந்து பார்க்கும் திருவாரூர் ஆழித்தேரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஹியூமன் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். சைலானில் கால்கள் அந்தரத்தில் தொங்க, தலைகீழாகவும் புரட்டும். மம்மியின் வேகம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர், தலைகீழ்ச் சுற்று ஒன்றுகூட இல்லை. கைப்பையையும் போனையும் இரண்டிலும் லாக்கரில் வைத்துவிட வேண்டும். நுழைவுச்சீட்டும் ஒன்றேதான்.

சரி, பிறகு ஏன் மம்மி? முதலில் இருட்டு. கடைமுகத் திருவிழாவில் ராட்டினம் ஏறியவர்களுக்குத் தெரியும்: மேலிருந்து இறங்கப்போகிறோம் என்று கண் பார்த்ததுமே உடம்பு தயாராகிவிடும். இருட்டில் அந்த முன்னறிவிப்பு இல்லை. 1975-இல் ஃபுளோரிடாவில் வந்த டிஸ்னியின் ஸ்பேஸ் மவுண்டன் மணிக்கு 45 கிலோமீட்டர் அளவில்தான் ஓடுகிறது. அதைக் காட்டிலும் வேகமானது என்று அடித்துச் சொல்கிறவர்கள் ஏராளம். எல்லாம் இருட்டு செய்கிற வேலை. மம்மியில் முதலில் வண்டி கல்லறைக்குள் மெதுவாக ஊர்கிறது. ‘மம்மி’ படத்து வில்லன் இம்ஹோடெப்பின் மிரட்டல், புதையல் அறை, சுவரில் மொய்க்கும் வண்டுகள். திடீரென்று பின்னோக்கிப் போகிறது. அடுத்து ஒரு தள்ளு. சங்கிலி கட்டி மேலே இழுத்து விடுகிற வேலை இல்லை. நம் பம்புசெட்டில் சுழல்கிற இண்டக்‌ஷன் மோட்டாரையே வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் விரித்துத் தண்டவாளத்தோரம் வைத்ததுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காந்தப் புலம் வண்டியை முன்னே தள்ளிவிடுகிறது. மோட்டார் போட்ட நொடி குழாயில் தண்ணீர் பீறிடுமே, அப்படி ஒரு கிளம்பல். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது இருட்டுகூட இல்லை, மழை. நம்மூரிலிருந்து போகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்று, டிசம்பர், ஜனவரியில் சிங்கப்பூரை நனைக்கிறது. டிசம்பர் அங்கே அதிகம் மழை பெறும் மாதங்களில் ஒன்று. உலகிலேயே மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. இடி இடிக்கும்போது ஒற்றைப் பனையடியில் நிற்காதே என்று நம் வயலில் சொல்வார்கள். 140 அடி இரும்பு எந்தப் பனைக்குக் குறைந்தது? மின்னல் என்றால் வெளியே ஓடுகிறவற்றை நிறுத்தித்தான் வைப்பார்கள், அதுதான் சரியும்கூட. நாங்கள் போன அன்று மதியம் வானம் இருண்டது. கலாக்டிகா நின்றது, மழை விடுகிற வரை நின்றுகொண்டே இருந்தது. மம்மி மட்டும் ஓடியது. ஆறு மாதம் பணம் சேர்த்து, பாய்ச்சலுக்கு ஆள் சொல்லிவிட்டு, ஒரே ஒரு நாளைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது!

இதில் ஒரு கஷ்டமும் உண்டு. மழை வந்தால் எல்லோரும் கூரையைத் தேடி வருவார்கள், மம்மியின் வரிசை நீண்டுவிடும். முதல் தடவை எங்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆனது. மழையில் மறுபடி போனபோது ஒரு மணி நேரத்துக்கு மேல்.

மகளின் உயரம் 124 சென்டிமீட்டர். மம்மிக்கு 122 போதும், கலாக்டிகாவுக்கு 125 வேண்டும். போதாததற்கு மம்மியில் ஒரு வரிசையில் நான்கு பேர் உட்காரலாம். கலாக்டிகாவில் 2015-இல் மறுபடி திறந்தபோது நான்கை இரண்டு இருக்கையாக மாற்றிவிட்டார்கள். நான், மனைவி, மகள், மச்சான் நால்வரும் தோளோடு தோள் உரச இருட்டில் கத்தியது அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நிமிடம்.

சைலானில் காலையில் ஒரே ஒரு தடவைதான் ஏறினேன், ஹியூமனில் ஏறவே இல்லை. நாலைந்து முறை போனவர் வேறு மாதிரி சொல்லக்கூடும். மம்மியின் திடுக்கிடலும் இரண்டாம் தடவை பாதியாகக் குறைந்தது. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. வருடா வருடம் போகிறவர் என்றால் சைலான் பக்கம் சாய்வதில் தப்பில்லை.

முதல்முறை டிசம்பரில் போகிறீர்களா? கதவு திறந்ததும் வானம் தெளிவாக இருக்கையில் கலாக்டிகாவை முடித்துவிடுங்கள். அப்புறம் மேகத்தைப் பாருங்கள், அது நமக்குக் கைவந்த வேலை. கறுக்க ஆரம்பித்ததும், முதல் தூறலுக்கு முன்னாலேயே, மம்மியின் வாசலில் இருங்கள்.