காயல் கலங்குவதைக் கணிக்க எந்த மாடல்?

ஆழம் இரண்டு மீட்டர்கூட இல்லாத காயலில் வண்டல் எப்போது கிளம்பும், எவ்வளவு நேரம் மிதக்கும் என்று கணிக்கப் பலரும் நேரே டெல்ஃப்ட்3டி போல நீரோட்டத்தையும் வண்டலையும் கணினியில் கணக்கிடும் முப்பரிமாண மாடலுக்கே போகிறார்கள், கூடவே அலையைக் கணக்கிடும் ஸ்வான் என்ற மாடலையும் இணைத்துக்கொள்கிறார்கள். முதல் வேலையே அதுதான் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எளிய வழி ஒன்று இருக்கிறது. காற்றின் வேகம், அது தடையில்லாமல் நீர்மேல் ஓடிவரும் தூரம், ஆழம் ஆகியவற்றை வைத்தே அலையைக் கணக்கிட்டுவிடலாம். அலையின் அசைவு அதன் நீளத்தில் ஏறக்குறைய பாதி ஆழம் வரை எட்டும். 1 விநாடிக்கு ஒருமுறை வரும் அலை என்றால் 0.8 மீட்டரோடு நின்றுவிடும், 2 விநாடி அலையோ 3 மீட்டர் வரை இறங்கும். காற்று கொஞ்சம் கூடியதுமே காயல் முழுக்கக் கலங்குவது இதனால்தான். அப்புறம் நீர் தரையை உரசும் விசை ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கேற்ப சேறு கிளம்பும் என்ற பார்த்தெனியாடிஸின் சூத்திரம். எக்ஸெல்லிலேயே போட்டுவிடலாம். ஆனால் கிளம்பிய சேறு எங்கே போய்ப் படியும் என்று இது சொல்லாது.

அதைச் சொல்வது முப்பரிமாண மாடல். முகத்துவாரத்தில் ஏறி இறங்கும் ஓதம், உப்புநீர் அடுக்கு, கால்வாய் தூர்ந்துபோவது எல்லாம் அதில் வரும். சரி, ஆனால் அதற்குள்ளும் அதே வரம்பு எண்தான் உட்கார்ந்திருக்கிறது. நேற்றுப் படிந்த இளஞ்சேறு 0.1 பாஸ்கல் (உரசும் விசையை அளக்கும் அலகு) அளவிலேயே கிளம்பிவிடும், இறுகிய சேற்றுக்கு 1 பாஸ்கல்கூடப் போதாமல் போகலாம். படியும் வேகமும் அப்படித்தான்: 10 மைக்ரான் துகள் அசையாத நீரில் 2 மீட்டர் இறங்க ஆறு மணிநேரம் ஆகும், உப்புநீரில் துகள்கள் திரண்டுவிட்டால் அதைவிடச் சீக்கிரம் இறங்கும். இவற்றை ஊகித்துப் போட்டுவிட்டுக் காயலை மாடலில் எவ்வளவு நுணுக்கமான கட்டங்களாகப் பிரித்தாலும் வரும் விடை ஊகம்தான்.

மூன்றாவது வழியும் உண்டு: நீரின் கலங்கலை அளக்கும் கருவியான கலங்கல்மானியின் தரவையும் காற்றையும் பொருத்தும் புள்ளியியல் மாடல் நாளைய கலங்கலைச் சொல்லப் போதும். ஆனால் கடற்புல் அழிந்தாலோ தூர்வாரினாலோ பழைய பொருத்தம் செல்லாது.

கலங்கும் நேரம் மட்டும் வேண்டுமா, எளிய மாடலே போதும். வண்டல் போகும் இடம் வேண்டுமென்றால் முப்பரிமாணம் தவிர்க்க முடியாதது. எதை எடுத்தாலும் காற்றுப் பருவத்துக்கு முன்னும் பின்னும் தரைச் சேற்றைக் குழாயில் எடுத்து எந்த விசையில் அது கிளம்புகிறது என்று அரிப்புச் சோதனை செய்யுங்கள், நடுக்காயலில் ஒன்றும் முகத்துவாரத்தருகே ஒன்றுமாகக் கலங்கல்மானி வையுங்கள். பணம் குறைவென்றால் மாடலில் குறையுங்கள், இந்த அளவீடுகளில் வேண்டாம்.