பட்டிக்குக் காவலாகச் சிமிட்டு விளக்கு: 18 மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சிறுத்தை போன்ற வேட்டை விலங்குகளை விரட்டுவதற்காக, காட்டோரத்தில் ஆடு வளர்ப்பவர்களுக்கென்றே விற்கப்படும், சூரிய ஒளியில் இயங்கும் சிமிட்டு விளக்குகள் நான்கினை எங்கள் பட்டியைச் சுற்றி நட்டு 18 மாதங்கள் ஆகின்றன. வாங்கலாமா என்று பக்கத்துப் பட்டிக்காரர்கள் பலரும் கேட்டார்கள். அவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த விளக்கு சிறுத்தையை என்ன செய்கிறது என்பதோடு, ஆடுகளை அடைத்துவிட்டு வீட்டுக்குள் படுத்திருக்கும் மனிதரை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்பீடு முழுமையாகும்.

விளக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. மேலே சூரியத் தகடும் நான்கு பக்கங்களிலும் எல்இடி பொட்டுகளும் இருக்கின்றன. பொழுது சாய்ந்ததும் தானாக எரியத் தொடங்கி, விடியும்போது தானாக அணைகிறது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறத்தையும் இடைவெளியையும் ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றிச் சிமிட்டுவதுதான் இதன் சாரம். அசையாமல் ஒரே இடத்தில் எரியும் விளக்கு சில நாட்களில் விலங்குக்குப் பழகிவிடும். அலைந்து அலைந்து தெரியும் வெளிச்சமோ அங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று எண்ணவைக்கும். கென்யாவில் நைரோபி தேசியப் பூங்காவின் எல்லையில் வளர்ந்த ரிச்சர்ட் துரேரே, சிறுவனாக இருந்தபோதே இதைக் கண்டுகொண்டார். சிங்கங்களை விரட்ட அவர் முதலில் நெருப்பு மூட்டிப் பார்த்தார், சோளக்கொல்லைப் பொம்மை நட்டும் பார்த்தார், இரண்டும் பலிக்கவில்லை. கைவிளக்குடன் தொழுவத்தைச் சுற்றி நடந்த ஓர் இரவில் சிங்கங்கள் நெருங்கவில்லை என்பதைக் கவனித்து, பழைய மின்கலத்தையும் வாகனத்தின் திசைகாட்டி விளக்குக் கருவியையும் இணைத்து, மாறி மாறி எரியும் விளக்குகளை அமைத்தார். 2013-இல் டெட் (TED) என்ற உலகளாவிய உரை மேடையில் அவர் இதைப் பற்றிப் பேசிய பிறகு உலகம் முழுவதும் இந்த முறை அறியப்பட்டது. மாடு மேய்த்த ஒரு பிள்ளை தன் தொழுவத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ட வழி இது என்பதாலேயே இந்தக் கருவியின் மீது எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது.

நாங்கள் வாங்கியதற்கு ஓர் இரவுதான் காரணம். அப்போது எங்கள் பட்டிக்குக் கூரை கிடையாது, சுற்றிலும் படல் வேலி மட்டும்தான். உள்ளே குதித்த சிறுத்தை ஐந்து ஆடுகளைக் கொன்று ஒன்றை மட்டும் எடுத்துச் சென்றது. அந்த ஐந்தில் இரண்டு சினை ஆடுகள். வெறி பிடித்துக் கொன்றிருக்கிறது என்றுதான் அன்று எல்லோரும் சொன்னார்கள். வெட்டவெளியில் ஓர் ஆடு விழுந்தால் மற்றவை சிதறி ஓடிவிடும்; நான்கு பக்கமும் அடைத்த பட்டிக்குள் அவை ஓட வழியில்லாமல் முட்டிமோதும்போது, அந்த அசைவே வேட்டை விலங்கை மீண்டும் மீண்டும் பாயத் தூண்டுகிறது. இது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அன்று காலையில் விளக்கம் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. செத்த ஆட்டில் நஞ்சு வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது, நானும் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நஞ்சு வைத்த இறைச்சி சிறுத்தையைத் தேடிப் போவதில்லை. பட்டி நாயும் காக்கையும் கழுகும்தான் முதலில் சாகின்றன.

நஞ்சு வேண்டாம் என்றானதும் எழுந்த அடுத்த குரல், ‘பிடித்துக்கொண்டு போய் வேறெங்காவது விடட்டும்’ என்பது. அதன் விளைவு மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வனப் பகுதியில் தெரிந்தது. பிடிபட்ட சிறுத்தைகளை வேறு காடுகளுக்கு மாற்றத் தொடங்கிய பின், மனிதர்மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4 என்பதிலிருந்து 17 ஆக உயர்ந்தது. தனக்குப் பழகிய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட விலங்கு அமைதியடைவதில்லை. ஆக, விலங்கும் இருக்கும், நாமும் இருப்போம், பட்டியைத்தான் மாற்ற வேண்டும் என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தோம்.

விளக்குகளை நட்ட பின் இன்றுவரை பட்டிக்குள் ஓர் ஆடும் பறிபோகவில்லை. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நேர்மையாகாது. ஏனென்றால், விளக்கு வாங்கிய அதே மாதத்தில் பட்டியின் மேல் கம்பிவலைக் கூரையும் போட்டோம். காத்தது வலையா, விளக்கா என்று ஒரு பட்டியை வைத்துச் சொல்ல இயலாது. அதற்கு முறையான சோதனைகளைத்தான் பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவின் சிலே நாட்டு மலைப்பகுதியில், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த அல்பாகா, லாமா என்னும் வளர்ப்பு விலங்குகளின் மந்தைகளுக்கு இத்தகைய விளக்குகளை வைத்துச் சோதித்தார்கள். பாதி காலம் ஒரு பகுதி மந்தைகளுக்கும், பின்னர் இடம் மாற்றி மற்ற மந்தைகளுக்கும் வைத்து ஒப்பிட்டார்கள். அங்குள்ள பெரிய காட்டுப்பூனையான பூமாவின் தாக்குதல் குறைந்தது. நரி மட்டும் விளக்கைப் பொருட்படுத்தவில்லை. எந்த விலங்கால் நமக்கு இழப்பு என்பதை அறியாமல் இதை வாங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பழகிப்போவதுதான் இதைவிடப் பெரிய கேள்வி. ஓநாய்களைத் தடுக்கக் கயிற்றில் துணிக்கொடிகளைத் தொங்கவிடும் பழைய முறையைச் சோதித்தபோது, அது ஏறக்குறைய 60 நாட்கள்வரை பலனளித்தது. அதற்கு மேல் ஓநாய்கள் துணிந்துவிட்டன. எங்கள் பட்டியிலும் இதன் சாயலைக் கண்டேன். முதல் இரண்டு மாதங்கள் காலடித் தடங்கள் விளக்குகளிலிருந்து வெகுதூரம் விலகியே சென்றன. மூன்றாம் மாதத்தில், வைக்கோல் போரின் நிழல் விழுந்த பக்கமாக, படலுக்குப் பத்தடி தொலைவுவரை ஒரு தடம் வந்து திரும்பியிருந்தது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை விளக்குகளின் இடத்தையும் உயரத்தையும் மாற்றுகிறேன். நிழல் விழும் மூலை எதுவும் மிஞ்சாதபடி இருட்டிய பின் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன். நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவருக்கு இந்தக் கருவி பயன்படாது.

மனிதர்களுக்குள் இது நிகழ்த்திய மாற்றம் நான் எதிர்பாராதது. முன்பெல்லாம் நாய் ஒருமுறை குரைத்தாலே வீட்டில் அனைவரும் எழுந்துவிடுவோம். மறுநாள் கண் எரிச்சலோடு மேய்ச்சலுக்குப் போவோம். எங்கோ ஒரு புதர் அசைந்தாலும் அது சிறுத்தையாகவே தெரியும். இப்போது சன்னல் வழியாக நான்கு விளக்குகளும் எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்க முடிகிறது. எங்களுக்கு அடுத்த பட்டியின் பெரியம்மா முதல் வாரமே, “யாருக்குப்பா இந்த வெளக்கு, அதுக்கா நமக்கா?” என்று கேட்டார். இரண்டு பேருக்கும்தான் பெரியம்மா என்றேன். காட்டோரத்து மக்கள் வேட்டை விலங்கை வெறுப்பவர்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை, விலங்கு அங்கே இருப்பதைவிட, அது வரும்போது நம் கையில் செய்வதற்கு எதுவும் இல்லை என்பதுதான் சினமாக மாறுகிறது. சிறுத்தையிடம் இழப்பதைவிட நோயில் சாகும் ஆடுகளின் எண்ணிக்கை அதிகம். ஆனால் நோய்க்கு ஊசி போட்டோம் என்ற ஆறுதலாவது இருக்கிறது.

அதே பெரியம்மாதான் ஆறு மாதங்களுக்குப் பின் மனக்கசப்போடு வந்தார். அவருடைய பட்டியில் ஒரு குட்டி போய்விட்டிருந்தது. “உன் வெளக்குதான் அத என் பக்கம் தள்ளிவிடுது” என்றார். அது உண்மையாக இருக்கலாம். ஒரு பட்டியை மட்டும் காத்தால் பசித்த விலங்கு அடுத்த பட்டியைப் பார்க்கும். நான்கில் இரண்டை அவரிடம் கொடுத்தேன். பிறகு மேலும் இரண்டு வாங்கி, இரு பட்டிகளையும் ஒரே வளையமாகச் சுற்றி நட்டோம். தனித்தனியாக வாங்குவதைவிட, காட்டை ஒட்டிய பட்டிகள் அனைத்தும் சேர்ந்து வாங்குவதே முறை.

குறைகளுக்கு வருகிறேன். மழைக்காலத்தில் ஒரு விளக்கின் விசைப்பொத்தான் வழியாக நீர் புகுந்து அது செயலிழந்தது. விற்றவர் மாற்றிக் கொடுக்க ஏழு வாரங்கள் எடுத்துக்கொண்டார். தொடர்ந்து வானம் மூடியிருந்தால் பின்னிரவில் ஒளி மங்கிவிடுகிறது. சிறுத்தை வரக்கூடிய நேரத்தில் இப்படியாவது கடுமையான குறை. சூரியத் தகட்டில் படியும் தூசியையும் பறவை எச்சத்தையும் வாரந்தோறும் துடைக்க வேண்டும். வீட்டு விளக்கு அல்லது தெருவிளக்கின் வெளிச்சம் பட்டால் பகல் என்று எண்ணி இது எரியாமலே இருந்துவிடுகிறது. மேய்ச்சலில் பகலில் ஓர் ஆட்டை இழந்தோம். அதற்கு இந்த விளக்கைக் குறை சொல்ல முடியாது, அங்கே ஆளும் நாயும்தான் காவல்.

தயாரிப்பாளரிடம் கேட்பது இரண்டு. மின்கலத்தைத் தனியாக விற்க வேண்டும். இப்போது அது தேய்ந்தால் முழு விளக்கையும் தூக்கியெறிய வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் வைக்கும் செய்முறைத் தாளில், எந்த உயரத்தில் நடுவது, எவ்வளவு இடைவெளி விடுவது, எத்தனை நாளுக்கொருமுறை இடம் மாற்றுவது என்பவற்றைப் படங்களாக வரைந்து தர வேண்டும். பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவருடைய விளக்குகளை இப்போதும் நான்தான் போய் நட்டுக் கொடுக்கிறேன்.