கேமரன் மலையா, தைப்பிங்கா? மழையை வைத்து ஒரு முடிவு

பள்ளி விடுமுறைக்கு வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து வடக்கே போவதென்றால், எங்கள் வீட்டில் இரண்டு பெயர்கள்தான் அடிபடும்: கேமரன் மலை, தைப்பிங். இந்த முறை தைப்பிங் போனோம். அடுத்த முறையும் அங்கேதான் என்று வீட்டில் இப்போதே பேச்சு.

கேமரனைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1,400 மீட்டருக்கு மேல் குளிர், தேயிலை, ஸ்ட்ராபெரி. குளிர்தான் முக்கியம் என்றால் யோசிக்காமல் அங்கேயே போய்விடலாம். தைப்பிங் மலையடிவாரம், நண்பகலில் நன்றாகவே புழுங்கும்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: மழை பிடித்துக்கொண்டால் அந்த நாள் என்ன ஆகும்?

மழை இரண்டு இடத்திலும் உண்டு. தைப்பிங்கில் இன்னும் அதிகம், ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று, ஊருக்குப் பின்னாலேயே நிற்கும் பிந்தாங் மலைத்தொடரில் மோதி மேலேறிக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். காலை நம் கையில் இருக்கிறது.

கேமரனில் பிரச்சினை மழை அல்ல, சாலை. அடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும்போதே அம்மாவுக்குத் தலை சுற்றும். விடுமுறை நாளில் மேலே உள்ள பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் கார்கள் நகராது. தேயிலைத் தோட்டம், காய்கறிச் சந்தை எல்லாமே காரில் போய்ச் சேர வேண்டியவை. மழையும் சேர்ந்துகொண்டால் காருக்குள்ளேயே பாதி நாள் போய்விடும், மண்சரிவு பயம் வேறு. வாரநாளில் நான் அங்கே தங்கியதில்லை. அப்போது நிலைமை மேலாக இருக்கலாம்.

தைப்பிங்குக்கு ஈடிஎஸ் என்னும் விரைவு மின்சார ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கார் தேவையில்லை. காலையில் பசியாறிவிட்டு நேராக ஏரிப் பூங்காவுக்குப் போய்விட வேண்டும். ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880களில் ஏரிகளாக்கி உருவாக்கிய பூங்கா அது. கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. கிளை முழுக்கப் பெரணிச் செடிகள். முதல் நாள் மழையைக் குடித்துப் பருத்து, மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதை அந்த மரத்தடியில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். தரை சமதளம் என்பதால் அப்பா கைத்தடியோடு நிதானமாக நடந்தார்.

மதியம் மழை இறங்கியதும் பேராக் அருங்காட்சியகம். 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. இல்லாவிட்டால் கடைத்தெருவின் அஞ்சடியிலேயே (கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை) நனையாமல் கடை கடையாகப் போகலாம். குவே தியாவ் நூடுல்ஸ், குளுகுளு செண்டோல், தே தாரேக் தேநீர் என்று நேரம் போவதே தெரியாது.

அரை நாள் கிடைத்தால் கோலா செப்பேத்தாங் போய் வாருங்கள். பழைய பெயர் போர்ட் வெல்ட், 1885இல் நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து ஓடியது இங்கேதான். அங்குள்ள கரிச்சூளைகளைப் பிள்ளைகள் ரொம்ப ரசித்தார்கள். உயரமான கூரைக்கு அடியில் குவிமாடம் போன்ற செங்கல் சூளைகள், உள்ளே சதுப்புநில மரக்கட்டைகள், கூரை இடுக்கெல்லாம் புகை. வெளியே மழை கொட்டினாலும் உள்ளே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

குறையும் உண்டு. ஊருக்குப் பின்னால் உள்ள புக்கிட் லாருட் மலை உச்சிக்குப் போகும் ஆசையில் மட்டும் தைப்பிங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மண்சரிவால் அந்தப் பாதை நீண்ட காலம் மூடப்பட்டது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். விலங்குத் தோட்டத்தின் இரவு உலாவையும் மழை கெடுத்துவிடலாம். அதை நம்பாமல் பகலிலேயே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஜூன், ஜூலையில் மழை கொஞ்சம் குறைவு. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கூடுதல். விடுமுறை ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதை முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறம், நனைந்த சப்பாத்து அந்த ஊர் ஈரத்தில் காயவே காயாது. ஆளுக்கு இரண்டு ஜோடி செருப்பு இருக்கட்டும்.